ஒரு சாண் தள்ளி

சால்வையைத்தானே கேட்டீர்கள்? கல்யாண வீடும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். எனக்கு மட்டும் இல்லை, மொத்தம் பதினாறு பேருக்கு. பதினைந்து பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்பு தலைமையாசிரியைக்கு.

நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறவள் இல்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்வதற்கே இரண்டு தடவை தொண்டையைச் செருமுவேன். இன்றைக்கு வயிறு எரிகிறது, அதனால் பேசுகிறேன். நீங்கள் செம்பட்டியில் இறங்குகிறவர் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். வத்தலக்குண்டா? சரி. அப்படியென்றால் முழுதாகச் சொல்லலாம். பாதியில் நிறுத்துவது எனக்கு ஆகாது.

என் பெயர் அன்னக்காமு. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். படிப்பு ஆறாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்பு என்று சொல்ல மாட்டேன், பரீட்சை எழுதவில்லை. ஆறாம் வகுப்பு வரை.

இன்றைக்கு அங்கே லூர்து டீச்சருக்குப் படத்திறப்பு. பி.டி. டீச்சர். போன மாசியில் இறந்துபோனார்கள், எண்பத்தோரு வயது. கூடைப்பந்துத் திடலுக்கு அவர்கள் பெயரை வைத்துப் பலகை மாட்டினார்கள். ஏழு பேர் பேசினார்கள். ஐந்து பேர் ‘இரும்புப் பெண்மணி’ என்றார்கள், ஒருவர் ‘தாய்’ என்றார், இன்னொருவர் பேசியது மைக் சரியில்லாமல் எனக்கு விழவில்லை. எட்டாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

கெட்டது என்றால், யாரும் திட்டவில்லை. கை தட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

டீச்சர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து என்று ஒன்று கிடையாது. மண் திடலில் இரண்டு கம்பம் நின்றது, ஒன்றில் வளையம் இல்லை. அதில் நான் கொடி கட்டித் துணி காயப்போடுவேன். டீச்சர் வந்த இரண்டாம் நாளே கொடியை அறுத்துவிட்டார்கள். துணியெல்லாம் மண்ணில். “தொவச்சுக் குடுக்கட்டா?” என்று கேட்டார்கள். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று நின்றேன். நிஜமாகவே உட்கார்ந்து துவைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் அப்படித்தான். முதலில் மண்ணில் போடுவார்கள், பிறகு துவைப்பார்கள். சிலதைத் துவைக்கவே இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள், பூட்டுப் பட்டறைக்காரர்கள், சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கள் டீம். டீச்சர் வீடு வீடாகப் போவார்கள். வீட்டு அடையாளம் காட்ட நானும் போவேன். பிலோமினா என்று ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயதுக்குப் பனைமரம் மாதிரி வளர்ந்திருந்தாள். அவள் அப்பா வாசலை மறித்துக்கொண்டு, “கால் தெரிய டவுசர் போட்டு எம் பிள்ள ஓடணுமா? நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றார்.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். “நீங்க கைலிய மடிச்சுக் கட்டி, முழங்கால் தெரியத்தான நிக்கிறீங்க? ஒங்களுக்கு ஒருத்தி கெடைக்கல?”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சிரித்துவிட்டது. அதோடு சரி. பிலோமினா மறுநாள் வந்துவிட்டாள். இன்றைக்கு அவள் டி.எஸ்.பி. அவள்தான் சிறப்பு விருந்தினர். ஜீப்பில் வந்தாள், கூட இரண்டு போலீஸ்.

அந்தத் திடலை வைத்து வேலைக்குப் போனவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். போலீஸில் ஒன்பது, ரயில்வேயில் ஐந்து, மின்சாரத்தில் நான்கு, பி.டி. டீச்சராகவே ஐந்து. விழா மலரில் ‘நூற்றுக்கணக்கானோர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் தலைமையாசிரியையிடம் போய், “இருபத்து மூணு பேரு, டீச்சர்” என்றேன். “ஒரு பேச்சுக்கு எழுதுறதுதான், அன்னக்காமும்மா” என்றார். ஒரு பேச்சுக்கு எழுதுவது என்றால் என்ன? இருபத்து மூன்று பிள்ளைகள் என்பது சின்ன விஷயமா? நூறு என்று பொய் சொன்னால்தான் பெரிசாகுமா? எனக்கு இது பிடிபடவே இல்லை.

நோட்டு என் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். எண்பத்தொன்றில், ஜூன் மாதம். பிள்ளைகள் வளையத்தில் எறிந்துகொண்டிருந்தார்கள், நான் ஓரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். “எத்தன விழுந்துச்சு?” என்று டீச்சர் கேட்டார்கள். ஒரு பிள்ளை பத்து என்கிறது, ஒரு பிள்ளை பன்னிரண்டு என்கிறது. நான் விளக்குமாற்றை நிறுத்தாமல், எனக்குள் சொல்வது மாதிரி, “பதினாலு எறிஞ்சது, ஒம்பது விழுந்துச்சு” என்றேன். “யாரு சொன்னது?” என்று திரும்பினார்கள். பயந்து போனேன். மறுநாள் ஒரு நீள நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். “அன்னக்காமு, நீ இனிமே எண்ணு. எனக்கு எண்ணிக்க மட்டும் சொன்னாப் போதும்” என்றார்கள்.

பத்தொன்பது வருஷம் எண்ணினேன். பதினான்கு நோட்டு. ஒரு நாள் விட்டதில்லை. எங்கள் அப்பா செத்த அன்றைக்குக்கூட, எடுப்பது மத்தியானம் என்பதால், காலையில் போய் எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

டீச்சர் அதிகம் பேச மாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “எத்தன?” என்பார்கள். நான் பெயரையும், தவறிய எண்ணிக்கையையும் வாசிப்பேன். அதனால் பிள்ளைகள் எனக்கு ‘எத்தன அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரியமாகத்தான். நான் வருவது தெரிந்தால் பேசிக்கொண்டிருக்கிற பேச்சைக்கூட நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு மரியாதை.

இதில் ஃப்ரீ த்ரோ என்று ஒன்று உண்டு. எதிர்க்கட்சி தப்பாட்டம் ஆடினால், நம் பிள்ளையைத் தனியாக ஒரு கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, யாரும் மறிக்காமல் எறியவிடுவார்கள். பந்து வளையத்தைத் தொடும்வரை கால் கோட்டில் படக் கூடாது. பட்டால், பந்து உள்ளே விழுந்தாலும் கணக்கில்லை. அதுதான் சட்டம். டீச்சருக்கு ஃப்ரீ த்ரோ என்றால் உயிர். “ஓடுறதுல நம்மளவிட வசதியான பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஜெயிச்சிரும். சும்மா நின்னு எறியிறதுல எவளும் நம்மள ஜெயிக்கக் கூடாது” என்பார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபத்தைந்து. தவறியது ஒவ்வொன்றுக்கும் ஒரு தவளை. அதாவது, இந்தக் கம்பத்தடியில் குந்தவைத்துத் தவளை மாதிரி தாவித் தாவி அந்தக் கம்பம் வரைக்கும் போக வேண்டும். மூன்று தவறினால் மூன்று தவளை.

கடுமைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. “மாடு” என்பார்கள், “சோத்து மூட்டை” என்பார்கள். முதுகில் ஒன்று வைப்பதும் உண்டு. ஆனால் முட்டையை அவித்துக் கொண்டுவந்து, உரித்து, உப்புத் தொட்டுக் கையில் கொடுப்பதும் அவர்கள்தான். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கை மட்டும் சொன்னேன். ஒரு பிள்ளையை ஒரு வார்த்தை திட்டினேன் என்று யாராவது சொல்லட்டும். ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை.

இப்போது தமயந்தி விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு. பிலோமினா காலத்துக்கு ஆறு வருஷம் பின்னால். அவளைப் போல் ஒரு கை எங்கள் திடலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரயில்வே ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், அந்த வருஷக் கடைசியில் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நடுவில் மாநில முகாமுக்கு இருபது நாள் சென்னைக்குப் போய்விட்டு வந்தாள். முழங்காலில் வீக்கத்தோடு வந்தாள். சனிக்கிழமை திருச்சியில் அரை இறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. இது வியாழக்கிழமை காலையில் நடந்தது.

இருபத்தைந்து எறிந்தாள். டீச்சர் வளையத்துக்குக் கீழே நின்று பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் திரும்பி, “எத்தன?” என்றார்கள்.

“பதினொண்ணு போச்சு, டீச்சர்.”

“இல்ல டீச்சர், ஏழுதான் போச்சு. நானே எண்ணுனேன்” என்றாள் தமயந்தி.

“நாலு தடவ கால் கோட்டுல பட்டுச்சு. சுண்ணாம்பு கலஞ்சிருக்கு, வந்து பாருங்க” என்றேன்.

மண் திடல் பாருங்கள், கோட்டைத் தினமும் காலையில் நான்தான் சுண்ணாம்புத் தூளில் போடுவேன். விரல் நுனி பட்டால்கூடத் தெரியும். டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்கள். நான்கு இடத்தில் கலைந்திருந்தது. கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார்கள். “நோட்டு சொல்றதுதான். கேம்ப் போயிட்டு வந்தா மகாராணியா? பதினொண்ணு, போ” என்றார்கள்.

புரட்டாசி வெயில். வீங்கின முழங்காலோடு குந்தவைத்துத் தாவினாள். ஏழாவது வரை சரியாகப் போனாள். எட்டாவதில் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். டீச்சர் அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள், எண்ணுவதற்கு நான் மட்டும் நின்றேன். பத்தாவது முடிந்து என் காலடிக்கு வந்தாள். முகத்தில் மண். “அக்கா, போதும்னு முடிச்சிருங்க அக்கா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“இன்னும் ஒண்ணு” என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பத்தைப் பதினொன்று என்று எழுதச் சொல்கிறீர்களா? அப்படி ஒரு தடவை எழுதினால் பிறகு அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு?

சனிக்கிழமை கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாள். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது பாதி, ஆறாவது நிமிஷம், எம்பிக் குதித்தவள் இறங்கும்போது முழங்கால் வேறு பக்கம் திரும்பியது. சத்தம் நான் எண்ணிக்கை எழுதுகிற மேஜை வரைக்கும் கேட்டது. கோப்பை எங்களுக்குத்தான். ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தெட்டு. ஃப்ரீ த்ரோவில் மட்டும் இருபதுக்குப் பதினேழு. தமயந்தி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரயில்வே தேர்வு போயிற்று. அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை.

நான் நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சர் ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை. வாசல் வேப்பமரத்தடி வரைக்கும் இரண்டு தடவை வந்தார்கள். அவித்த முட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, “நான் குடுத்தேன்னு சொல்லாத” என்று திரும்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி நல்லது சொல்பவர்களும் இந்த வேப்பமரத்தைச் சொல்வதில்லை, கெட்டது சொல்பவர்களும் சொல்வதில்லை. உள்ளே பூஜ்யம், வாசலில் இரண்டு. இரண்டையும் எழுத வேண்டும் அல்லவா?

ஆனால் ஒன்று செய்தார்கள், அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் வந்தபோது ஒரு கதை சொன்னார்கள். “நல்லா வெளையாண்ட பிள்ளதான். தலக்கனம். கடைசி நேரத்துல பயிற்சிய அசட்டையா விட்டா. இருவத்தஞ்சுல பதினொண்ணு போச்சு. அதோட போச்சு அவ ஆட்டம்.” பெயர் சொல்லவில்லை. பெயருக்குப் பதில் ‘பதினொண்ணு’. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் போதும், “என்னடி, பதினொண்ணு ஆகப் போறியா?” என்பார்கள். வருஷா வருஷம் சொன்னார்கள். அவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த வார்த்தை பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகள் சோம்பேறி என்று சொல்வதில்லை, பதினொண்ணு என்றுதான் சொல்கிறார்கள். பரீட்சையில் தோற்றவளும் பதினொண்ணு, லேட்டாக வருகிறவளும் பதினொண்ணு.

தமயந்திக்கு இது ரொம்ப வருஷம் தெரியாது. பழனியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவள் தம்பி மகள் இதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. லீவுக்குப் போன இடத்தில் அந்தக் குழந்தை, “அத்த, எங்க ஸ்கூல்ல ஒரு கதை இருக்கு, பதினொண்ணுன்னு ஒரு பொண்ணு” என்று ஆரம்பித்து, தமயந்தியிடமே தமயந்தி கதையைச் சொல்லியிருக்கிறது. அத்தையின் காலைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறது.

ஒன்பது நாளைக்கு முன்னால் எனக்கு போன் வந்தது. “அக்கா, தமயந்தி பேசுறேன். மலர்ல அத அச்சடிக்கிறாங்களாம். டீச்சரோட பொன்மொழியாம். ‘பதினொண்ணு ஆகாதே.’ நான் அன்னைக்கு ஏழுதான அக்கா விட்டேன்? என் கால் கோட்டுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. முகாம்ல இருபது நாளு எறிஞ்சேன், ஒரு நாள் ஒருத்தர்கூட ஒங் கால் படுதுன்னு சொல்லல. ஒங்களுக்கு மட்டும் எப்படி அக்கா பட்டுச்சு?”

“பட்டுச்சும்மா. சுண்ணாம்பு கலஞ்சிருந்துச்சு” என்றேன்.

“மேடையில ஏறி அது பதினொண்ணு இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா நம்புவாங்க. ஒங்க நோட்டத்தான எல்லாரும் நம்புனாங்க.”

மறுபடி இரண்டு தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் இதையேதான் கேட்டாள்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்று காலை பத்தே முக்கால் வரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோடு, வளையம் மாட்டியிருக்கிற பலகையிலிருந்து பதினைந்து அடியில் இருக்க வேண்டும். நான் முடிச்சுப் போட்ட கயிறு வைத்திருந்தேன், ஒரு விரல்கடை பிசகாது. எண்பத்தொன்றில், நோட்டைக் கொடுத்த அன்றைக்கே டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னக்காமு, நாளையிலேருந்து கோட்ட ஒரு சாண் தள்ளிப் போடு. பின்னால. யாருக்கும் சொல்லாத” என்றார்கள். ஏன் என்று கேட்டேன். “பிள்ளைக மனசுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். தூரத்துலேருந்து பழகுன கைக்கு மேட்ச்ல கூடை கிட்ட வந்துரும்” என்றார்கள். அன்று முதல் பத்தொன்பது வருஷம் ஒரு சாண் தள்ளித்தான் போட்டேன். வெளியூர் டீம் நம் திடலுக்கு ஆட வந்தால் அன்றைக்கு மட்டும் சரியான இடத்தில் போடுவேன். மறுநாள் மறுபடி தள்ளி. இரண்டாயிரத்தில் சிமெண்ட் போட்டு பெயிண்ட் அடித்த பிறகுதான் அது நின்றது.

பலித்தது. அதை நான் மறைக்கவில்லை. எண்பத்தாறில் பிலோமினா கடைசி நிமிஷத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டாளே, அந்தக் கோப்பை அந்த ஒரு சாணில் வந்தது. அவள் போட்டிருக்கிற காக்கிச் சட்டையும் அதில் வந்ததுதான்.

தமயந்தி முகாமில் இருபது நாள் சரியான கோட்டில் எறிந்துவிட்டு வந்தாள். அவள் கால் சரியான இடத்துக்குத் தானாகப் போகப் பார்த்தது. அங்கே என் சுண்ணாம்பு இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. நான்கு தடவை.

இதை நினைத்து நினைத்து ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சருக்கு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தமயந்தியோ ஏழு என்று சொல்லச் சொல்கிறாள். நோட்டில் பதினொன்று இருக்கிறது. ஏழு என்று எப்படிச் சொல்வேன்? கடைசியில், எண்ணிக்கையை மாற்ற வேண்டாம், கோட்டை மட்டும் சொல்லிவிடுவோம், கேட்கிறவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள் என்று முடிவு பண்ணினேன். நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறோம் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார், அதனால் பதினான்கையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

“டீச்சரின் வலது கை, நம்ம அன்னக்காமு அம்மா” என்று கூப்பிட்டு, சால்வையைப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவை. பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்து நாற்காலியில், தமயந்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கோடு ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. பத்தொம்பது வருஷம். டீச்சர் சொன்னாங்க, நான் போட்டேன். யாருக்கும் தெரியாது.”

கூட்டம் அப்படியே அடங்கும், யாராவது எழுந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். பிலோமினா தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள். “அடி எத்தன அக்கா, அதான் மேட்ச்ல கூடை மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சா? என்னா மூள பாருங்க டீச்சருக்கு!” டி.எஸ்.பி. சிரித்தால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலி, அத்தனையும் கை தட்டியது. “அதனால தமயந்திக்கு” என்று நான் அடுத்ததை ஆரம்பித்தேன். அதற்குள் மைக்கை வாங்கி, “பாருங்கள், எப்பேர்ப்பட்ட ராஜதந்திரம்! இந்த ரகசியத்தையும் பலகையில் பொறிக்க வேண்டும்” என்று ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நாற்பத்தைந்து வருஷத்து ரகசியம் டீச்சருக்கு இன்னொரு மாலையாகப் போய் விழுந்தது. மலர் ஐந்நூறு பிரதி, எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. ‘பதினொண்ணு ஆகாதே’, பன்னிரண்டாம் பக்கம், பூப்போட்ட கட்டத்துக்குள்.

இறங்கித் தமயந்தியிடம் போனேன். அவள் கை தட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“எத்தன வருஷம்னு சொன்னீங்க?” என்றாள்.

“பத்தொம்பது.”

“வெளியூர் டீம் வந்தப்பவும் அப்படித்தானா?”

“அப்ப மட்டும் சரியாப் போடுவேன்.”

“அப்ப சரியான எடம் எதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“டீச்சர் சொன்னாங்கம்மா. நான் ஆயா. அவங்க சொல்லி நான் எப்படி…”

“டீச்சர் அன்னைக்கு வளையத்துக்குக் கீழ நின்னாங்க. எண்ணுனது நீங்கதான அக்கா.” சத்தம் போடவில்லை. ஜெராக்ஸ் எத்தனை காப்பி என்று கேட்கிற மாதிரி கேட்டாள். “பத்து முடிஞ்சு வந்து நின்னேனே. அப்பவும் தெரியும்ல ஒங்களுக்கு?”

பார்த்தீர்களா? அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து சொன்னது நான். நாற்பத்தைந்து வருஷமாக யாரும் சொல்லாததைச் சொன்னது நான். பலகையில் பெயர் டீச்சருக்கு, சிரிப்பு பிலோமினாவுக்கு, கேள்வி மட்டும் எனக்கா?

“கால் கோட்டுல பட்டது பட்டதுதான். என் நோட்டு பொய் சொல்லாது” என்றேன்.

“சரிக்கா. அப்ப ஏழுன்னு மாத்த வேணாம். அந்தப் பக்கத்துல கீழ ஒரு வரி எழுதிருங்க. கோடு ஒரு சாண் தள்ளின்னு. கையெழுத்துப் போடுங்க. நான் கடையில ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கிறேன். இப்பவே எழுதுங்க, நாலே வார்த்ததான்.”

நான் நோட்டை எடுக்கவில்லை. அவள் நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்து, அந்தக் காலை இழுத்து இழுத்து கேட் வரைக்கும் போனாள். நாற்பத்தொரு அடி.

ஏன் எழுதவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே. ஒரு பக்கத்தில் மட்டும் எப்படி எழுதுவது? அந்த ஒரு நாள்தான் கோடு தள்ளி இருந்ததா? அவள் பக்கத்தில் எழுதினால் எல்லாப் பக்கத்திலும் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷம், பதினான்கு நோட்டு. தள்ளிப் போட்ட கோட்டிலிருந்து தவறியதெல்லாம் தவறியதுதானா? சரியான இடத்தில் நின்றிருந்தால் எத்தனை விழுந்திருக்கும்? இந்தப் பிள்ளைகள் தாவினதில் எத்தனை தாவியிருக்கவே வேண்டாம்? அதை இனி யார் எண்ணுவது? என்னால் முடியாது. எனக்கு வந்த கோபத்தில், நோட்டைப் பெட்டியிலும் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி காலியாக நிற்கிறது, தலைமையாசிரியை முகம் கறுத்துப் போயிற்று. இதோ, காலடியில்தான் இருக்கிறது பை. உங்கள் கால் பட்டுவிடப் போகிறது, பார்த்து.

இருபத்து மூன்று வேலை ஒரு பக்கம். ஒரு முழங்கால் ஒரு பக்கம். ஒரு முழங்கால்தானா என்பதுகூட எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. நான் எழுதியது தவறியதை மட்டும்தான். வலியை எழுத நோட்டில் கட்டம் போடவில்லை. டீச்சர் சொல்லவில்லை.

செம்பட்டி வந்துவிட்டதா? அப்படியென்றால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பேனா என்னிடம் இருக்கிறது. இந்த நோட்டின் மறு ஓரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் குலுக்கினால் எழுத்து கோணிப் போகும். இல்லை, அது இல்லை, அது ஒன்பதாவது. தமயந்தி ஒன்பதாவது நோட்டில் வருகிறாள். தெரியும், அவள் பக்கம்தான் அவசரம், எனக்கும் தெரியும். ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் விட்டுப்போகும், வரிசையாகத்தான் வர வேண்டும். முதலாவதை எடுங்கள். பழுப்பு அட்டை.

எண்பத்தொன்று, ஜூன் இருபத்திரண்டு. பிலோமினா, மூன்று. சாந்தகுமாரி, ஆறு. இது யார்… ஜெயசீலி. ஒன்பது. ரொம்பச் சின்னப் பிள்ளை. இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பக்கத்தில் பெயர் இல்லை.

பிடியுங்கள், எழுதுகிறேன்.